ஆசிரியர்க்கு ஆசிரியர்: கல்வியியற் பட்டங்களின் வரலாறும் நம்மவர் கடமையும்

தோற்றுவாய்

நம் திருப்பூரும் அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் முதலிய ஊர்களும் பருத்தியாலும் நூலாலும் வாழ்வு பெற்றவை. தறியில் இருந்தோர் பலர் பனியன் தொழிலுக்கு மாறினர். கூலிக்குத் தைத்தோர் சிலர் முதலாளிகளாயினர். பொருளீட்டுந் துறையில் நம்மவர் அடைந்த ஏற்றம் யாவரும் அறிந்ததே. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுங்கால் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னுஞ் சொற்களே நம் இல்லங்களிற் பெரிதும் ஒலிக்கின்றன. பள்ளியாசிரியராதலைச் சிலர் விரும்புகின்றனர். அவ்வாசிரியரையும் பயிற்றுவிக்கும் ஆசிரியராதற்குரிய படிப்பொன்று உண்டென்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அப்படிப்புக்குக் கல்வியியல் என்று பெயர். ஒரு பட்டம் பெற்றபின் படிக்கும் பி.எட்., அதன்மேற் படிக்கும் எம்.எட்., அதற்கும் மேலாகிய முனைவர் ஆராய்ச்சி என மூன்று படிகள் அதற்கு உள. இப்படிகளில் ஏறத் தகுதியுடையார் யாவர் என்னும் வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றை முறையே எடுத்துரைத்து, நம்மவர் இன்று செய்யக் கடவது யாதென்பதையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பழந்தமிழர் கொள்கை

ஆசிரியத் தகுதியைப் பற்றிய ஆராய்ச்சி மேனாட்டாரிடமிருந்து நாம் இரவல் பெற்றதென்று கருதுதல் பிழையாம். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியராவார் யாவர், ஆசிரியராகாதார் யாவர், மாணாக்கராக ஏற்றற்குரியார் யாவர், ஏற்கத் தகாதார் யாவர் என்பவற்றையெல்லாம் வகுத்துரைக்கின்றது. கல்லூரிகள் இக்காலத்து வெளியிடும் சேர்க்கை விதிகளுக்கு அதனை ஒரு முன்னோடி என்னலாம்.

ஆசிரியராகாதார்க்கு அந்நூல் கூறும் உவமைகளுள் ஒன்று பருத்தி அடைத்த குண்டிகையாகும். பருத்தியைக் குண்டிகையுட் சிறிது சிறிதாக வருந்தித் திணித்தல் வேண்டும். எடுக்குங்காலும் சிறிது சிறிதாக வருந்தியே எடுத்தல் வேண்டும். அவ்வாறே அரிதின் முயன்று கற்றும், கற்றதனைப் பிறர்க்கு எளிதின் எடுத்துரைக்க மாட்டாதவர் ஆசிரியராகார் என்பது கருத்து. பஞ்சுப் பொதியோடு பழகிய நம்மவர்க்கு இவ்வுவமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கற்றல் வேறு, கற்பித்தல் வேறு என்னும் இவ்வுண்மையே பின்னாளில் எழுந்த பயிற்சிப் பட்டங்கள் அனைத்திற்கும் அடிப்படை.

திண்ணைப் பள்ளி முதல் நார்மற் பள்ளி வரை

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் உபாத்தியாயர்க்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையோர்க்குப் பாடஞ் சொல்லி வந்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார், மணலில் எழுதிப் பழகும் நம் நாட்டு வழக்கத்தைக் கண்டு, தம் பள்ளியில் மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையை அமைத்தனர். அதனைக் குறித்து 1797-ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டனர். அம்முறை 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்திற் பரவிற்று. அக்காலத்தில் ஆசிரியத் தொழிலுக்குப் பட்டமோ சான்றிதழோ வேண்டப்படவில்லை. அருகிருந்து பழகிய பழக்கமே தகுதியாக இருந்தது.

1854-ஆம் ஆண்டிற் சார்லஸ் உட் என்பார் அனுப்பிய கல்வி அறிக்கை, இந்தியாவின் ஒவ்வொரு மாகாணத்திலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் வேண்டுமென வற்புறுத்திற்று. அதன் பயனாக 1856-ஆம் ஆண்டிற் சென்னை வேப்பேரியில் அரசாங்க நார்மற் பள்ளி தோன்றிற்று. நார்மல் என்பது முன்மாதிரி என்னும் பொருளில் பிரெஞ்சு நாட்டு வழக்கிலிருந்து வந்த பெயராம். சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது 1857-ஆம் ஆண்டில். எனவே பட்டம் வழங்கும் கழகத்திற்கு ஓராண்டு மூத்தது ஆசிரியரைப் பயிற்றும் பள்ளி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நார்மற் பள்ளியே பின்னர்ச் சைதாப்பேட்டைக்கு மாறி, ஆசிரியர் கல்லூரி என்னும் பெயரால் விளங்குவதாயிற்று.

எல்.டி. பட்டமும் அதனைப் பெற்றோரும்

பட்டதாரிகளுக்கென்று சென்னைச் சர்வகலாசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்.டி. என்னும் பட்டத்தை ஏற்படுத்திற்று. இதன் சேர்க்கை விதி தெளிவானது. முதலில் ஒரு கலைப்பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அதன்பின் போதனா முறைகளைப் பயின்று எழுத்துப் பரீட்சையில் தேறுதல் வேண்டும். வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்டியும் தேறுதல் வேண்டும். புலமைக்கு ஒரு தேர்வும் தொழிலுக்கு ஒரு தேர்வுமாக இரண்டையும் இணைத்தது இப்பட்டத்தின் சிறப்பு. இதுவே பின்னர்ப் பி.டி. எனவும், அதன்பின் பி.எட். எனவும் பெயர் மாறிற்று. இன்றும் நம் ஊர்ப் பள்ளிகளில் 'பி.டி. வாத்தியார்' என்று வழங்கும் வழக்கு அப்பழம் பட்டத்தின் நினைவே.

வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் சைதாப்பேட்டையிற் பயிற்சி பெற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கிய பின்னரே அரசியலிற் புகழ் பெற்றனர். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று 1909-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணக் கல்லூரியில் ஆசிரியப் பணியில் அமர்ந்தும், அடுத்த ஆண்டிற் சைதாப்பேட்டைக்குச் சென்று எல்.டி. பயிற்சி பெற வேண்டியிருந்தது. எம்.ஏ. பட்டம் பெற்று வேலையில் இருந்தவரும் மீண்டும் மாணாக்கராக அமர்ந்த அந்நிகழ்ச்சி, பின்னர் நாம் கூறப்போவதோடு தொடர்புடையதாகலின் ஈண்டுக் குறித்தோம்.

பெண்மக்களைப் பொறுத்தவரை சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வரலாறு அறியத்தக்கது. இளமையிலேயே கைம்மை எய்திய இவர் 1911-ஆம் ஆண்டிற் பி.ஏ. பட்டம் பெற்று, எல்.டி. பட்டமும் பெற்றனர். தம்மைப் போன்ற இளங் கைம்பெண்கட்கு இல்லம் அமைத்து, அவர்களைப் படிப்பித்து ஆசிரியைகளாக்கினர். வீட்டின் மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த பெண், ஊர்ப் பிள்ளைகள் வணங்கும் ஆசிரியையாக வெளிவந்தது ஒரு பயிற்சிப் பட்டத்தின் துணையால் அன்றோ! பெண்களுக்கெனச் சென்னையில் 1922-ஆம் ஆண்டில் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியும், 1923-ஆம் ஆண்டிற் புனித கிறிஸ்தோபர் பயிற்சிக் கல்லூரியும் தோன்றின. 1937-ஆம் ஆண்டில் இராயப்பேட்டையில் மெஸ்டன் பயிற்சிக் கல்லூரி எழுந்தது.

இவையாவும் சென்னையிலேயே இருந்தன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கொங்குநாட்டுப் பிள்ளை ஒருவன் பட்டம் பெற்றதோடு நில்லாது பயிற்சியும் பெற விரும்பினால், பெரும்பாலும் சென்னைக்குச் சென்று, விடுதிச் செலவும் ஏற்று, ஓராண்டு வருவாயின்றி இருத்தல் வேண்டும். தறியையே நம்பிய குடும்பங்கட்கு இஃது எளிதன்று.

கொங்குநாட்டிற் பயிற்சிக் கல்லூரி

இக்குறை நீங்கியதற்கு நம் திருப்பூரிற் பிறந்த ஒருவரே காரணராயினர். அவர் 1903-ஆம் ஆண்டிற் பிறந்த தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் அவர்கள். சட்டம் பயின்றும், தேச சேவையையும் கல்விப் பணியையுமே தம் வாழ்வாகக் கொண்ட அப்பெருமகனார், 1930-ஆம் ஆண்டிற் கோவையில் மிகச் சிறிய அளவில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினர். அது பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்று ஓங்கிற்று. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வியமைச்சராகவும் அவர் இருந்தனர். பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கு அடிகோலியவரும் அவரே.

1950-ஆம் ஆண்டில் அவ்வித்தியாலயத்திற் பட்டதாரிகளுக்கான ஆசிரியர் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. திருப்பூரிலிருந்து ஒரு நாட்பொழுதிற் சென்று மீளக்கூடிய தொலைவில் இவ்வசதி ஏற்பட்டமை கொங்குநாட்டின் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாகும். காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் வெளியிட்ட ஆதாரக் கல்விக் கொள்கையில் நூற்றலும் நெய்தலும் பாடத்தின் நடுவிடத்தைப் பெற்றிருந்தன. கைத்தொழிலோடு இணைந்த கல்வியைப் போற்றிய அவ்வித்தியாலயம் நெசவுத் தொழிலாளர் வாழும் நாட்டில் வேரூன்றியது பொருத்தமே. பெண்களின் உயர்கல்விக்காக 1957-ஆம் ஆண்டிற் கோவையில் அவர் நிறுவிய மனையியற் கல்லூரி, 1988-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

முதுநிலைப் படிப்பும் மூன்றாண்டு அனுபவமும்

இனி, எம்.எட். பட்டத்தைப் பற்றிக் கூறுவாம். ஆசிரியரைப் பயிற்றுவிப்போர்க்குரிய பட்டம் இது. இதில் யாரைச் சேர்த்தல் வேண்டும் என்னும் வினா நாடு விடுதலை பெற்றவுடனே எழுந்தது.

1948-49-ஆம் ஆண்டுகளிற் பல்கலைக்கழகக் கல்வியை ஆராய்ந்த ஆணைக்குழுவிற்குத் தலைவராக இருந்தவர், முன்னர்ச் சைதாப்பேட்டையிற் பயிற்சி பெற்ற அதே இராதாகிருஷ்ணன் அவர்களாவர். கல்வியியலில் முதுநிலைப் பட்டம் படிக்க விரும்புவோர், சில ஆண்டுகள் பள்ளியிற் கற்பித்த பின்னரே அதற்கு ஊக்கப்படத்தக்கவர் என்று அக்குழு கருத்துரைத்தது. வேலையில் அமர்ந்தபின் பயிற்சிக்குச் சென்ற ஒருவரின் தலைமையில் இக்கருத்து எழுந்தது நோக்கத்தக்கது.

அதன்பின் 1952-53-ஆம் ஆண்டுகளில் இடைநிலைக் கல்வியை ஆராய்ந்த ஆணைக்குழுவிற்குத் தலைமை தாங்கியவர், சென்னைச் சர்வகலாசாலைத் துணைவேந்தராகிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். அக்குழு இன்னும் தெளிவாகவே கூறிற்று: பயிற்சி பெற்ற பட்டதாரிகளுள், பொதுவாக மூன்றாண்டுகளேனும் ஆசிரியப் பணி ஆற்றியவரையே எம்.எட். படிப்பிற் சேர்த்தல் வேண்டும். அதுவன்றி, பயிற்சிக் கல்லூரிகளிற் கட்டணம் வாங்கலாகாது என்றும், பயிற்சிக் காலத்தில் மாணவ ஆசிரியர்க்கு அரசாங்கம் உதவித்தொகை அளித்தல் வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது.

இவ்விரு கருத்துகளையும் நம்மவர் தம் தொழிலோடு ஒப்பிட்டு எளிதில் உணரலாம். பனியன் கம்பெனியிற் கைமடியாகப் புகுந்தவன், பின்னர்த் தையல் பழகி டைலராகி, துணியின் போக்கும் அளவும் கைவசமான பின்னரே கட்டிங் மாஸ்டர் என்னும் பெயரைப் பெறுகின்றான். ஒரு பிழை வெட்டினால் எத்தனை உருப்படி கெடும் என்பதை அவன் அறிவான். ஒரு பள்ளியாசிரியரின் பிழை ஒரு வகுப்பைக் கெடுக்கும். அவ்வாசிரியரை உருவாக்குபவரின் பிழையோ பல பள்ளிகளைக் கெடுக்கும். ஆகலின் முன்னோர் மூன்றாண்டு வேண்டியது மிகையன்று.

இன்றைய விதிகள்

பின்னாளில் விதிகளை வகுக்கும் அதிகாரம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திற்கு வந்தது. 1973-ஆம் ஆண்டு முதல் அறிவுரை கூறும் அமைப்பாக இருந்த அக்குழுமம், 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் சட்ட அதிகாரம் பெற்றது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டில் ஆசிரியர் கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்பெற்றது. இதற்கிடையே கல்வியியற் கல்லூரிகள் நாடெங்கும் மிகுந்தன. அவற்றுட் பல வணிக நோக்கில் எழுந்தன. உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே. எஸ். வர்மா ஆணைக்குழு 2012-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. அதனையொட்டி 2014-ஆம் ஆண்டிற் புதிய விதிகள் வந்தன.

அவ்விதிகளின்படி, முன்னர் ஓராண்டாயிருந்த பி.எட். படிப்பும் எம்.எட். படிப்பும் இரண்டாண்டுகளாயின. பி.எட். படிப்பிற் சேர்தற்குப் பட்டத்தில் 50 விழுக்காடும், எம்.எட். படிப்பிற் சேர்தற்குப் பி.எட். பட்டத்தில் 50 விழுக்காடும் மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டிற்குரியார்க்குத் தளர்வு உண்டு. வகுப்பு வருகை 80 விழுக்காட்டிற்கும், பள்ளிப் பயிற்சி வருகை 90 விழுக்காட்டிற்கும் குறையலாகாது. எம்.எட். மாணவர் ஓர் ஆய்வேடும் எழுதி அளித்தல் வேண்டும். ஆனால் பழைய ஆணைக்குழுக்கள் வேண்டிய கற்பித்தல் அனுபவம் சேர்க்கைக்குரிய நிபந்தனையாக இவ்விதிகளில் இடம்பெறவில்லை. அனுபவம் இருந்த இடத்தில் மதிப்பெண் அமர்ந்தது. ஓராண்டுப் படிப்புகளை மீண்டும் கொணர்தற்குரிய வரைவு விதிகளை அக்குழுமம் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்டமையால், சேர விரும்புவோர் அவ்வாண்டின் அறிவிப்பை நோக்கியே முடிவு செய்தல் நன்று.

நம்மவர் கவனிக்கத்தக்கவை

மேற்கூறிய விதிகளுள் நம் வட்டாரத்துப் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவன சில உள. அவற்றை விரித்துரைத்தல் நம் கடமை.

முதலாவது, படிப்பின் வரிசை. தமிழ்நாட்டுப் பி.எட். சேர்க்கையில், பத்தாம் வகுப்பு, அதன்பின் மேனிலை ஈராண்டு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம் என்னும் முறையிற் படித்தவரே ஏற்கப்படுகின்றனர். நம் பிள்ளைகளுட் பலர் பத்தாம் வகுப்போடு நின்று கம்பெனிக்குச் செல்கின்றனர். சில ஆண்டுகள் கழித்துக் கல்வியின் அருமையை உணர்ந்து, மேனிலைத் தேர்வை விடுத்து நேரே திறந்தநிலைப் பட்டம் பெறுவாரும் உளர். அவர்கள் எத்துணை மதிப்பெண் பெறினும் இக்கதவு திறவாது. பதினாறு வயதில் வாரக் கூலியைக் கண்டு விடுத்த ஈராண்டுகள் முப்பது வயதில் எதிர்வந்து தடுக்கின்றன. வேலைக்குச் செல்லும் பிள்ளையையும் தனித்தேர்வராகவேனும் மேனிலைத் தேர்வு எழுதச் செய்தல் பெற்றோர் கடன்.

இரண்டாவது, பாடத் தேர்வு. நம் ஊரிற் கணக்கு எழுதும் வேலை மிகுதியாகலின் பி.காம். படிப்போர் மிகுதி. ஆயின் வணிகவியல், பொருளியல் முதலிய பாடங்களில் இளநிலைப் பட்டம் மாத்திரம் பெற்றோர் பி.எட். சேர்தற்கு இயலாது, அப்பாடங்கட்கு முதுநிலைப் பட்டம் வேண்டப்படுகின்றது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு முதலிய பாடங்கட்கு இளநிலைப் பட்டமே போதும். ஆசிரியராக விரும்பும் பிள்ளை கல்லூரியிற் சேரும் நாளிலேயே இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, 50-க்கும் 55-க்கும் உள்ள வேற்றுமை. எம்.எட். வகுப்பில் நுழைய 50 விழுக்காடு போதும். ஆனால் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி கல்வியியற் கல்லூரியில் ஆசிரியராதற்குப் பொதுவாக ஒரு பாடத்தில் முதுநிலைப் பட்டமும், எம்.எட். பட்டமும் ஆகிய இரண்டும் வேண்டும். இரண்டிலும் 55 விழுக்காடு வேண்டும். முனைவர் ஆராய்ச்சிக்கும் முதுநிலையில் 55 விழுக்காட்டையே 2022-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் குறிக்கின்றன. இட ஒதுக்கீட்டிற்குரியார்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நுழைவாயிலின் அளவை மாத்திரம் நோக்கி, உள்ளிருக்கும் இருக்கையின் அளவை நோக்காது செல்வோர் இரண்டாண்டும் பொருளும் இழந்து வருந்துவர்.

நான்காவது, வருகைப் பதிவு. கல்லூரிக்கு வாராமலே பட்டம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகரிடம் நம்மவர் ஏமாறலாகாது. வகுப்பில் நில்லாதவர் கையிற் பட்டம் இருப்பது, அளவு பாராது வெட்டிய துணிக்கு முத்திரை குத்தி ஏற்றுமதிக்கு அனுப்புவதை ஒக்கும். அதன் தீங்கு நம் பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வந்து விளையும். கட்டணம் கட்டுமுன் அக்கல்லூரி தேசியக் குழுமத்தின் அங்கீகாரமும் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் பெற்றுள்ளதா என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

சங்கம் செய்யக் கடவது

நம் குடும்பங்களிற் பி.எட். படிப்பிற்குத் தடையாவது கட்டணம் மாத்திரமன்று. இரண்டாண்டு கூலி இழப்பும் பெருந்தடையே. பட்டம் முடித்த பெண் ஒருத்தி செக்கிங் வேலைக்குச் சென்றால் வாரந்தோறும் கையிற் பணம் வருகின்றது. பயிற்சிக்குச் சென்றால் அது நிற்கின்றது. வீட்டிற்குக் கடன் இருக்குமாயின் பெற்றோர் எதனைத் தேர்வர் என்பதைச் சொல்லவேண்டா. இதனை உணர்ந்தே முதலியார் ஆணைக்குழு கட்டணமின்மையோடு உதவித்தொகையும் வேண்டிற்று. அரசாங்கம் முழுதும் செய்யாததை ஒரு சமூகம் தன் பிள்ளைகட்கேனும் செய்தல் கூடும்.

ஆகலின் நம் சங்கத்தார் ஆண்டுதோறும் பரிசளிக்கும் வழக்கத்தோடு, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் சிலர்க்கேனும் இரண்டாண்டும் மாதந்தோறும் உதவித்தொகை அளிக்க முன்வரல் வேண்டும் என விண்ணப்பிக்கின்றோம். அவருள்ளும் பெண்மக்கட்கு முதலிடம் அளித்தல் தகும். திருமணம் பேசுமுன் ஒரு பவுன் குறைவாயினும் ஒரு பட்டம் மிகுதியாயின், அப்பெண்ணின் வாழ்வு எத்தகைய இடரிலும் தலைகவிழாது என்பதற்குச் சுப்புலட்சுமி அம்மையாரின் இல்லத்தில் வளர்ந்த ஆசிரியைகளே சான்று. ஏற்கெனவே பள்ளிகளிற் பணியாற்றும் நம் ஆசிரியர்களை எம்.எட். படிக்குமாறு ஊக்குதலும் வேண்டும். விதி இன்று அனுபவத்தை வேண்டாவிடினும், நாம் அதனை வேண்டுவோமாக. பி.எட். முடித்தோர் இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்பில் நின்று பழகி, அதன்பின் எம்.எட். புகுவாராயின், அவர் கற்பிக்கும் கல்லூரிக்கும் அது நலம், அவர்க்கும் பெருமை.

முடிவுரை

நன்னூலார் காலத்திற் குணமும் புலமையும் தகுதியாயிருந்தன. திண்ணைப் பள்ளியிற் பழக்கம் தகுதியாயிற்று. சைதாப்பேட்டையிற் பட்டமும் பயிற்சியும் தகுதியாயின. ஆணைக்குழுக்கள் அனுபவத்தை வேண்டின. இன்றைய விதிகள் மதிப்பெண்ணையும் வருகையையும் வேண்டுகின்றன. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் கூடாது. விதி கேட்கும் மதிப்பெண்ணை நம் பிள்ளைகள் முயன்று பெறுக. விதி கேளாத அனுபவத்தையும் அவர்கள் விரும்பிப் பெறுக. திருப்பூரிற் பிறந்த ஒருவர் கொங்குநாட்டுப் பட்டதாரிகட்குப் பயிற்சிக் கல்லூரியின் வாயிலைத் திறந்து வைத்தனர். அவ்வாயிலை நோக்கி நம் பிள்ளைகளை அனுப்புதல் இனி நம் கையில் இருக்கின்றது.